அப்பாவுக்கென்று வைத்திருந்த பக்கம்

ஜெகதீஸ்வரியின் படிப்புச் செலவை அவளுடைய அப்பா சிவபாதசுந்தரம் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தார். பம்பலப்பிட்டியில் ஒரு தனியார் கல்லூரி, எழுத்துத்துறையில் மூன்று வருடப் பட்டம், ஒன்பது இலட்சம் ரூபாய். வெள்ளவத்தையில் அவர்கள் இருந்த இரண்டு அறை பிளாற்றின் உறுதிப்பத்திரத்தை வங்கியில் வைத்தால் கடன் கிடைக்கும். படிப்பு முடிந்தபின் மாதம் பதினாறாயிரத்து எண்ணூற்றைம்பது வீதம் ஏழு வருடம் கட்ட வேண்டும். அவர் றெயில்வே கந்தோரில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தக் கூட்டலையும் இரண்டு தரம் சரிபார்ப்பார்.

“எழுதிறதுக்கு என்ன சம்பளம் குடுப்பினம், பிள்ளை?”

“நல்லா எழுதினா நல்லாக் குடுப்பினம், அப்பா.”

“அப்ப நல்லா எழுது,” என்று கையெழுத்து வைத்தார். அது போர் முடிந்த வருடம்.

பட்டம் கிடைத்ததும் ஒரு விளம்பரக் கந்தோர் இருபத்திரண்டாயிரம் கொடுத்தது. சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் சிங்களத்தில் வந்த வரிகளைத் தமிழாக்குவது வேலை. எட்டு மாதத்தில் தமிழ்ப் பிரிவை மூடினார்கள். பத்திரிகையில் ஒரு கட்டுரைக்கு எழுநூற்றைம்பது ரூபாய்தான் வந்தது. தவணை அப்பாவின் பென்சனிலிருந்து போகத் தொடங்கியது. அம்மா சரோஜினிதேவி மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மாதம் எதை விடலாம் என்று பார்க்கலானார்.

அப்போதுதான் அச்சகக்காரர் பதியுதீன் ஜெகதீஸ்வரியைக் கூப்பிட்டார். வெள்ளவத்தைச் சைவ வீடுகளில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் வருபவர்களுக்கு நினைவு மலர் கொடுப்பார்கள். படம், தேவாரம், வம்சாவளி, இறந்தவரின் வாழ்க்கை, கடைசியில் பிள்ளைகளின் புலம்பல். எழுதிக் கொடுத்தால் மலருக்கு ஐயாயிரம். மாதம் மூன்று, சிலவேளை நான்கு வரும்.

முதல் மலர் இரும்புக்கடை பூபாலசிங்கத்துக்கு. கனடாவிலிருந்து வந்திருந்த மகன்மாரிடம் அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டாள். “நல்லவர்,” என்றார்கள். அதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் இல்லை. கண்ணால் கண்டதை எழுது என்று கல்லூரியில் படிப்பித்திருந்தார்கள். அவள் கிட்ட நின்று கண்ட தகப்பன் ஒருவர்தான். காலி வீதியில் மழைக்குள் மகளுக்குக் குடையைச் சரித்துப் பிடித்து நடப்பார். வீடு வந்து சேரும்போது அவருடைய இடது தோள் நனைந்து கறுத்திருக்கும். அதை எழுதினாள். மகன்மார் அழுதார்கள்.

“மத்தவங்க நிலாவு, சூரியனெண்டு எழுதுறாங்க தங்கச்சி,” என்றார் பதியுதீன். “நீங்க எழுதினா ஆள் நடந்து வாற மாதிரி இரிக்கி.”

அச்சகத்திலிருந்து வரும் புரூவ் தாள்களை வீட்டில் அப்பாதான் பார்ப்பார். அம்மா கேட்க உரத்து வாசித்து, திகதியும் முதலெழுத்தும் திருத்துவார். குடை வந்த இடத்தில் பென்சில் நின்றது.

“பூபாலசிங்கம் எப்ப பிள்ளை மழைக்கை நடந்தவர்? அந்தாள் காரை விட்டே இறங்காது.”

“ஆரப்பா இதைப் பாக்கப் போகினம்?”

“ஓமோம். என்னைக் கூறு போட்டு விக்கிறாய். கொமிஷனைத் தந்துபோடு.”

பிறகு பகிடி பழகிவிட்டது. முதலை வடிவில் சுடும் கிம்புலா பணிஸில் சீனி ஒட்டிய பக்கத்தைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்து, காய்ந்த முனையைத் தான் தின்னும் அப்பா ஒரு டொக்டருடைய மலருக்குப் போனார். பரீட்சை முடியும் வரை பள்ளிக்கூட மதிலோடு வெயிலில் நின்ற அப்பா ஒரு கணக்காளருக்குப் போனார். ஆறு வருடம் தவணை தவறவில்லை.

ஒரு பக்கத்தை மட்டும் அவள் கொப்பியில் எழுதித் தனியே வைத்திருந்தாள். இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த வருடங்களில் யார் கதவைத் தட்டினாலும் வீடு நடுங்கும். வேலை முடிந்து வரும் அப்பா மூன்று தரம் மெல்லத் தட்டி, “நான்தான், அப்பா,” என்பார். உள்ளிருந்து அவள் “ஓம்” சொல்லும் வரை காத்து நிற்பார். சாவி அவருடைய பையிலேயே இருந்தது. இது அப்பாவின் மலருக்கு. யார் கேட்டாலும் கொடுப்பதில்லை.

பதினொரு தவணை மிச்சமிருந்தபோது அப்பாவின் நெஞ்சுச் சோதனைகளுக்குப் பென்சன் போய்விட்டது. அந்த மாதம் இரண்டே மலர். ஒன்றை வத்தளைக் குடும்பம் திருப்பி அனுப்பியது: “எங்கடை அப்பா இதிலை இல்லை.” மறுநாளுக்குள் வேறு வேண்டும். ஐந்தாம் திகதி தவணை. அவள் கொப்பியைத் திறந்தாள்.

புரூவ் வந்தது. அப்பா உரத்து வாசித்துக்கொண்டு வந்து, கதவு தட்டும் இடத்தில் பென்சிலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதையும் குடுத்திட்டியோ?”

“அஞ்சாந் திகதி, அப்பா.”

“ஓம். கட்டத்தானே வேணும்.” ஒரு பிழையான திகதியைத் திருத்தித் தாளை அவளிடம் நீட்டினார்.

அதற்குப் பத்தொன்பதாம் நாள் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

“கொப்பருக்கு மலர் நீ எழுது,” என்றார் அம்மா. அவள் இரண்டு நாள் இருந்து எழுதி வாசித்துக் காட்டினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“குடை பூபாலசிங்கத்தாற்றை மலரிலை வந்தது.”

அடுத்ததை வாசித்தாள்.

“பணிஸ் டொக்டற்றையிலை. கதவு தட்டினது வத்தளைக்குப் போட்டுது.” கோபமில்லாமல்தான் சொன்னார். “முப்பத்தொண்டுக்கு வாற சனம் எல்லாம் அந்த மலருகளும் வாசிச்ச சனம். அதுகளைப் பாத்து எழுதினது எண்டு சொல்லுவினம். வேறை ஒண்டும் இல்லையோ, பிள்ளை?”

அவள் யோசித்தாள். ஆறு வருடம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருந்திருக்கிறார்கள். அவள் பழைய அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டே இருந்தாள். எதிரே பென்சிலோடு இருந்தவரைப் பார்த்து ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை.

பிறந்த திகதி, இறந்த திகதி, கந்தோர், உறவுகளின் பெயர்கள். அதை மட்டும் பதியுதீனிடம் கொடுத்தாள். புலம்பலுக்கு அவருடைய கணினியில் கிடந்த எட்டு வரியைப் போட்டார்கள். ஒளிவிளக்கு, அன்புக்கடல், ஆலமரம்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவின் தங்கை மயிலம்மா அந்தப் பக்கத்தைக் கண்ணீரோடு வாசித்தார்.

“ஆலமரம் எண்டது எவ்வளவு சரி! ஒன்பது இலட்சம் வீண்போகேல்லை, பிள்ளை.”

“அது நான் எழுதேல்லை, மாமி.”

“அண்ணரும் உப்பிடித்தான்,” என்றார் மயிலம்மா, மலரைக் கைப்பைக்குள் வைத்தபடி. “ஒண்டையும் தன்ரை எண்டு சொல்லமாட்டார்.”