சத்தம் போடாத சுகிர்தம்

நாற்காலி நாற்காலியாகப் போய், குனிந்து, காதோடு கேட்கிறார் சுகிர்தம்: “யாரப் பாக்க வந்தீங்க?” வந்தவருக்குக் காது மந்தம். “என்னங்க?” என்கிறார். அதற்கும் சுகிர்தம் குரலை உயர்த்தவில்லை. இன்னும் கொஞ்சம் குனிகிறார். பதில் கிடைத்ததும் கையைப் பிடித்து உரிய கதவுவரை கொண்டுபோய் விடுகிறார்.

சும்மா சொல்லக்கூடாது, ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்ட தொண்டை அது! கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பெரிய டொக்டர்மார் வந்து பார்க்கும் செனல் சென்டரில் ஆட்களைக் கூப்பிடுவதுதான் அவர் வேலை. சுவரில் யூரோலஜிஸ்ட், டேர்மட்டோலஜிஸ்ட் என்று வாய்க்குள் நுழையாத பெயர்கள். டயகமவிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வரும் சனத்துக்கு அதெல்லாம் எங்கே புரியும்? “மூத்திர டொக்டருக்கு வந்தவங்க இந்தப் பக்கம்! சொறி டொக்டர் மாடியில!” என்று ஒரு சத்தம் போடுவார். யாரும் கதவு மாறிப் போனதில்லை. அதில் அவருக்குப் பெருமை தாங்காது. கூப்பிட்டதும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்து போனவர்களை அவர் கவனித்ததே இல்லை.

சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போகிறவர் என்பதால் அன்று அவருக்கு லீவு. ஒரு ஞாயிறு, ஞாயிறுகளில் ஆள் கூப்பிடும் மற்றப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று முதலாளி அவரை அவசரமாக வரச்சொன்னார்.

“புள்ளையில்லாதவங்க டொக்டருக்கு வந்தவங்க எந்திரிச்சு வாங்க!”

யாரும் எழுந்திருக்கவில்லை.

“வெக்கப்பட்டா புள்ள வந்துருமா? வாங்கம்மா!”

எல்லாரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஷோலால் முக்காடு போட்டிருந்த பெண் எழுந்தாள். ஏஞ்சலா. வட்டவளையில் கட்டிக்கொடுத்த சொந்த மகள். அம்மா இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறாள். “இப்ப வேணாம்னு இருக்கோம்மா” என்று அவள் சொல்லியிருந்ததை நம்பி, ஊரெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவர் சுகிர்தம்.

ஏஞ்சலா டொக்டரின் கதவுப் பக்கம் திரும்பவில்லை. தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது சுகிர்தத்துக்கு. “எம்புள்ளைய நானே நாலு பேரு முன்னாடி எழுப்பி விட்டுட்டேனே” என்று போனில் அழுதார். மகள் திட்டவில்லை. “இனி எந்த டொக்டர்கிட்டயும் நான் போகலம்மா, விடுங்க” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது சுகிர்தத்துக்கு ஞாயிறும் வேலைதான். பூசைக்குச் சனி பின்னேரம் போய்விடுகிறார். கடைசி ஆளும் பார்த்துவிட்டுப் போனதும், ஞாயிறில் மட்டும் வரும் அந்தப் பிள்ளையில்லாதவர்களின் டொக்டர் உள்ளேயிருந்து கேட்கிறார்: “முடிஞ்சிதா?”

“இன்னும் ஒராள் இருக்காங்க சேர்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வாசல் கதவைக் காலால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தபடி, வட்டவளை பஸ் வந்து நிற்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.