லில்லெஸ்ட்ரோமில் ஒரே மேசையில் நானும் மச்சாளும்

சீட்டு விளையாடுவதற்காக ஏழு மணித்தியாலம் ரயிலில் போகிறேன் என்று சொன்னபோது என் வேலையிடத்தில் ஒருவரும் நம்பவில்லை. நோர்வேயின் பெர்கன் நகரில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிறவள் நான். வயது நாற்பத்தாறு. சூதாடுகிற முகமே இல்லையாம். ஆனாலும் இந்த நொவம்பரில் மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு, ஒஸ்லோவுக்குப் பக்கத்து லில்லெஸ்ட்ரோமில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய போக்கர் போட்டிக்குப் போனேன். போனது மட்டுமா, கடைசி நாள் வரைக்கும் இருந்தேன்! அடுத்த வருடம் போக நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இடையிடையே பெருமை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை இழுத்துக்கொண்டு போனவர் வதனி மச்சாள். என் கணவரின் தங்கை, ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் இருக்கிறார், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். நான்கு வருடமாக இந்தப் போட்டிக்குப் போகிறார், நான்கு முறையும் முதல் நாளே வெளியே. கடைசியில் மிஞ்சுகிற ஒன்பது பேரைத் தனியாக ஒரு மேசையில் இருத்தி, விளக்குப் போட்டு, ஒவ்வொருவரின் பெயரையும் ஒலிவாங்கியில் கூப்பிடுவார்கள். மச்சாளின் ஆசை அந்த மேசைதான். "காசைத் தூக்கிக் குப்பையில போடுங்கோ. ஒருக்கா அந்த ஒன்பது பேரில நானும் ஒராளா இருந்திட்டன் எண்டால் போதும்" என்று தொலைபேசியில் சொல்லுவார். இந்த முறை துணைக்கு வரச்சொன்னார். துணைக்குப் போன நானும் பெயரைக் கொடுத்துவிட்டேன். புத்தி எங்கே போனதோ தெரியாது.

வியாழன் காலை 8.03 ரயில், முன்கூட்டியே எடுத்த மலிவுச் சீட்டு 499 குரோனர். ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றர். மலைக்கு மேலே பனி தொடங்கிவிட்டது. நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. போக்கரில் எந்தச் சீட்டுக் கை எந்தக் கையை வெல்லும் என்று ஒரு தாளில் எழுதிப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். 14.45க்கு ஒஸ்லோ. அங்கிருந்து ஹொல்ம்லியாவுக்கு உள்ளூர் ரயிலில் பன்னிரண்டு நிமிடம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நானும் மச்சாளும் இருபது வருடமாக 304 விளையாடுகிறோம். தெரியாதவர்களுக்கு: யாழ்ப்பாணத்துச் சீட்டாட்டம், நான்கு பேர், எதிரெதிரே இருக்கிற இருவர் ஒரு பக்கம். எத்தனை புள்ளி எடுப்போம் என்று முதலில் கேட்க வேண்டும். அதில் ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரிய சீட்டு. என் கைக்கு ஜாக் வந்தால் வலது காதுத் தோட்டை ஒருமுறை திருகுவேன். மச்சாள் அதைக் கண்டதும் யோசிக்காமல் ஏற்றிக் கேட்பார். ஓம், அளாப்பிதான், கள்ள ஆட்டம்தான். ஆனால் கலியாண வீடுகளில் எங்கள் இரண்டு பேரையும் வென்ற ஆண்கள் இதுவரை இல்லை. எங்கள் வீட்டுக்காரர்கள் இன்னும் அதை அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறார்கள், பாவங்கள்.

வெள்ளி காலை ஹொல்ம்லியாவிலிருந்து ஒஸ்லோ, அங்கே மாறி லில்லெஸ்ட்ரோம். எல்லாமாக நாற்பது நிமிடம். இரண்டு கட்டண வலயத்துக்கும் ரயில் சீட்டு எடுக்க வேண்டும், நான் ஒன்றுக்குத்தான் எடுத்திருந்தேன், மச்சாளிடம் பேச்சு வாங்கினேன். நிலையத்திலிருந்து மண்டபம் எட்டு நிமிட நடை. நடக்கும்போதே மச்சாள் ஒப்பந்தம் போட்டார்.

"இஞ்ச பாரும், ஒரே மேசையில இருக்க வந்தால் மச்சாள் கிச்சாள் எண்டு பாக்கிறேல்லை. விட்டுக்குடுத்தால் ரெண்டு பேரையும் வெளியால போடுவாங்கள்."

"சரி. நீர் அழாட்டில் சரி" என்றேன்.

நுழைவுக் கட்டணம் 5,000 குரோனர். அறுநூறுக்குக் கொஞ்சம் மேல் ஆட்கள். மண்டபத்துக்குள் கால் வைத்ததும் ஒரு சத்தம் கேட்டது பாருங்கள்: நூற்றுக்கணக்கான பேர் பணயமாக வைக்கும் சிப்பு வில்லைகளைக் கையில் வைத்து உருட்டுகிற சத்தம், தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி. ஆட்டம் இலகுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொது, ஒருவர் சிப்பு வைத்தால் மற்றவர்கள் அதே அளவு வைத்து ஈடு கொடுக்க வேண்டும் அல்லது ஒதுங்க வேண்டும், நல்ல கை உள்ளவர் சிப்பை அள்ளுவார், சிப்பு முடிந்தவர் வீட்டுக்குப் போவார். மேசையில் ஆட்டம் நடக்கும்போது நோர்வேஜியன் அல்லது ஆங்கிலம் மட்டும்தான் கதைக்கலாம். தமிழுக்குத் தடை.

முதல் இரண்டு மணித்தியாலம் என் கை நடுங்கிய நடுக்கத்தில் சீட்டு தானாகவே தெரிந்திருக்கும். பிறகு பக்கத்தில் இருந்த மீன்பிடிக் கப்பல்காரர் ஒருவர், "பயந்த ஆள் நல்ல சீட்டு இல்லாமல் வைக்கமாட்டார் என்று நினைத்து எல்லாரும் ஒதுங்குகிறார்கள், அப்படியே இருங்கள்" என்றார். அப்படியே இருந்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் மச்சாள் மரக்கறி ரோல்ஸ் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இடைவேளையில் நின்றபடியே தின்றோம். இரவு பத்தரைக்கு முதல் நாள் முடிந்தபோது நாங்கள் இரண்டு பேரும் உள்ளே! ரயிலில் மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐஞ்சாவது வருசம், ஐஞ்சாவது வருசம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சனி என்பது வேறு நாள். பெரிய பெரிய காதுக்கருவி போட்டவர்கள், கறுப்புக் கண்ணாடிக்காரர்கள். ஒருவன் என்னைப் பதினைந்து நிமிடமாக முறைத்துப் பார்த்து முழுச் சிப்பையும் தள்ளினான். என் கையில் இரண்டு ஏஸ். "ஈடு கொடுக்கிறேன்" என்று சொன்ன குரல் என்னுடையதா என்று இன்னும் சந்தேகம். அள்ளினேன் ஐயா, இரண்டு கையாலும் அள்ளினேன்! அன்று முடியும்போது முப்பத்தொரு பேர் மிச்சம். அதில் தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர். அன்றிரவு ஹொல்ம்லியா வீட்டில் என் கணவர் வீடியோ அழைப்பில் வந்து, "நீங்கள் ரெண்டு பேரும் என்னத்தைச் செய்யிறியள்?" என்று நாலு தரம் கேட்டார்.

ஞாயிறு பகல் பன்னிரண்டுக்குத் தொடக்கம். மாலை நான்கரைக்குப் பத்துப் பேர் மிஞ்சினோம். பத்துப் பேரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். இன்னும் ஒருவர் போனால் ஒன்பது, மச்சாளின் மேசை. மச்சாள் எனக்கு நேர் எதிரே. சிரிக்கவும் பயம், கதைக்கவும் முடியாது. ஒரு தாடிக்காரரிடம் நாலைந்து சிப்புத்தான் இருந்தது. இரண்டு சுற்றில் அவர் போய்விடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். மச்சாளிடம் ஓரளவு இருந்தது, என்னிடம் அதைவிடக் கூட. பேசாமல் இருந்தால் போதும்.

எனக்கு இரண்டு ஜாக் வந்தது. கொஞ்சம் வைத்தேன். எல்லாரும் ஒதுங்கினார்கள், மச்சாள் மட்டும் ஈடு கொடுத்தார். நடுவில் மூன்று சீட்டைத் திறந்தார்கள்: ஜாக், ஏழு, மூன்று. மூன்றாவது ஜாக்! அந்த நேரம் என் கை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. மச்சாள் என்னைப் பார்த்தார். அடுத்த கணம் தன் முழுச் சிப்பையும் நடுவில் தள்ளினார்.

மேசையே திகைத்துப் போனது. தாடிக்காரர் வாயைத் திறந்தபடி இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. விட்டுக்கொடுக்க முடியாது, ஒப்பந்தம் இருக்கிறது, விதியும் இருக்கிறது. ஈடு கொடுத்தேன். மச்சாளின் கையில் ஒரு ஏஸும் ஒரு ஏழும். பிறகு நடுவில் திறந்த மற்ற இரண்டு சீட்டும் அவருக்கு உதவவில்லை. ஒலிவாங்கியில் "பத்தாமிடம், ஒஸ்லோ" என்று அவர் பெயரைச் சொன்னார்கள். சபை கை தட்டியது. மச்சாள் சீட்டுப் போட்ட பெண்ணுக்குக் கை கொடுத்துவிட்டு, என்னைத் திரும்பியும் பாராமல் வெளியே போனார். அப்போதுதான் கவனித்தேன், என் வலது கை இன்னும் தோட்டில் இருந்தது.

இருபது நிமிட இடைவேளை. நேரே போட்டி மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னேன்: நாங்கள் சொந்தக்காரர், எங்களிடம் ஒரு சைகை இருக்கிறது, தெரியாமல் காட்டிவிட்டேன், என்னைத் தண்டியுங்கள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களிடம் நல்ல சீட்டு இருக்கிறது என்று அவருக்குச் சைகை காட்டினீர்களா?"

"ஆமாம்."

"அதைப் பார்த்துவிட்டு அவர் எல்லாவற்றையும் வைத்தாரா?"

"ஆமாம்."

"அதற்கு எங்களிடம் விதி இல்லை" என்றார். "இனிக் கையை மேசையில் வைத்திருங்கள்."

மச்சாளைத் தேடினேன். கழிவறையில் இல்லை, வாசலில் இல்லை, போன் எடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் நின்று, என் பெயரை மூன்று துண்டாக உடைத்து வாசிப்பதைக் கேட்டேன். மச்சாள் கேட்க வேண்டிய கைதட்டல் அது. இரண்டாவது சுற்றில் எப்படியோ ஒரு நல்ல கை வந்து வென்றேன். அப்போது தடுப்புக் கயிற்றுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் மண்டபம் அதிர வந்தது.

"அப்பிடிப் போடும் மச்சாள்!"

முகம் கழுவின ஈரம் காயாமல் வதனி மச்சாள் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் பயப்படவில்லை. ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம் விளையாடினேன். கடைசியில் என் ஏஸும் கிங்கும் ஒரு ஜோடி குவீனிடம் தோற்றன. ஏழாமிடம்! பரிசு எவ்வளவு என்று கேட்காதீர்கள், சொந்தக்காரர் எல்லாரும் இதை வாசிக்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில விடயங்கள். நொவம்பருக்கு ரயில் சீட்டை ஓகஸ்டிலேயே எடுங்கள், பிந்தினால் இரண்டு மடங்கு. லில்லெஸ்ட்ரோமில் தங்க வேண்டாம், ஒஸ்லோவிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடந்தான், ரயில் அடிக்கடி உண்டு. மண்டபத்தில் குளிர் அதிகம், கம்பளிச் சட்டை கொண்டுபோங்கள். ஒரு சொசேஜுக்கு 65 குரோனர் வாங்குகிறார்கள், வீட்டுச் சாப்பாடே நல்லது. போட்டி நடக்கும் மூன்று நாளுக்கும், திரும்பி வருகிற திங்கட்கிழமைக்கும் லீவு எடுங்கள். "முதல் நாளே தோற்றுத் திரும்பி வந்துவிடுவேன்" என்று மேலதிகாரியிடம் சொல்லாதீர்கள், நான் சொல்லித்தான் திங்கட்கிழமை அவதிப்பட்டேன். 304 தெரிந்தவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே அதை நிறுத்திவிடுங்கள். முக்கியமாக, இழந்தால் வீட்டில் அடுப்பு எரியாது என்கிற காசோடு அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

மற்றது ரயில். ஞாயிறு 19.42க்கு லில்லெஸ்ட்ரோமில் ஏறினோம். மச்சாள் நிலையத்தில் வாங்கின கறுவாப்பட்டை போட்ட பணிஸ் ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். ரயில் நகர்ந்த பிறகுதான் எனக்குக் கேட்க வாய் வந்தது.

"மச்சாள், நான் தோட்டைத் திருகினதைக் கண்டனீரே?"

"கண்டனான்."

"ஜாக் இருக்கெண்டு தெரிஞ்சும் ஏன் வைச்சனீர்?"

"தெரிஞ்சபடியாத்தான் வைச்சனான்" என்றார். "நீர் இருக்கெண்டு சொன்னால் நான் வைக்கிறது. இருவது வருசமா அப்பிடித்தானே? தள்ளி முடிஞ்ச பிறகுதான் யோசிச்சன், ஐயோ, இண்டைக்கு இவ எதிர்ப்பக்கமெல்லே எண்டு."

ஒஸ்லோ வரும் வரைக்கும் நான் அழுதேன். மச்சாள் பணிசை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என் மடியில் வைத்தார்.

"ஏழாமிடம் வந்த ஆள் அழுகிறா. பத்தாமிடம் வந்த நான் சாப்பிடுறன். கண்ணைத் துடைச்சுப்போட்டுத் தின்னும்."