துடியலூருக்குப் போன நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்

காலை ஐந்து நாற்பதுக்குச் சத்தியமங்கலத்திலிருந்து கோயமுத்தூர் புறப்பட்ட பஸ்ஸில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: டிரைவர், கண்டக்டர், தக்காளிக் கூடையோடு இரண்டு பெண்கள், வாயைத் திறந்து தூங்கிய ஒரு போலீஸ்காரர், நான். ஜன்னலுக்கு வெளியே எங்கள் வாசகசாலைச் செயலாளர் நின்றார்.

"பாத்துப் போயிட்டு வா அம்மணி. பிளாப்பிய வெயில்ல காட்டிப்போடாத. ஞாயித்துக்கெழமை கமிட்டில சர்ட்டிபிகேட்டக் கேப்பாங்க."

கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? பதினோரு வருடமாக அங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். சர்ட்டிபிகேட் இல்லாவிட்டால் படித்த ஆளை வைத்துவிடுவதாகக் கமிட்டியில் பேசியாகிவிட்டது. துடியலூரில் ஒரு கல்லூரியில், கம்ப்யூட்டரில் புத்தகப் பட்டியல் போடும் பயிற்சி. வாராவாரம் வெள்ளிக்கிழமை, ஐந்து வாரம். இது ஐந்தாவது வெள்ளி. ஒரு பீரோ நிறையப் புத்தகங்களின் விவரத்தை எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் அடித்து, பிளாப்பியில் ஏற்றிக் கொண்டுபோகிறேன். மணிக்கு இருபது ரூபாய், வாசகசாலை கொடுத்தது.

டிக்கெட் பதின்மூன்று ரூபாய் ஐம்பது காசு. உட்கார்ந்த பிறகுதான் தலைக்கு மேலே ஸ்பீக்கரைப் பார்த்தேன். பிளாப்பிக்குக் காந்தம் ஆகாது என்று முதல் வாரமே சொல்லியிருந்தார்கள்.

"ஏனுங்க, இந்த ஸ்பீக்கர்ல காந்தம் இருக்குங்களா?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"காந்தம் இருக்குதோ இல்லீங்களோ, பாட்டு வரும். போடட்டுங்களா?"

வேண்டாம் என்று முன்னால் போனேன். அங்கே எஞ்சின் சூடு. பின்னால் வந்தேன். கடைசியில் தக்காளிக்காரம்மா கூடையை நகர்த்தி இடம் கொடுத்தார். "மடியில என்னம்மிணி, கொழந்தையாட்ட அணைச்சுட்டு இருக்கற?" என்றார். புளியம்பட்டி, அன்னூர், கோவில்பாளையம் எல்லாம் வந்து போயின. எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. வாசகசாலையில் பின் கதவைத் தாழிட்டேனா என்ற யோசனை வேறு. அறுபத்தெட்டு கிலோமீட்டர், ஏழே முக்காலுக்குக் காந்திபுரம். அங்கிருந்து டவுன் பஸ், இரண்டு ரூபாய்.

போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. ஏசி குளிரில் கால் விரல் மரத்துவிடும். பதினோரு பேருக்கு நான்கு கம்ப்யூட்டர். தமிழ் எழுத்து அதில் வராது. தமிழ்ப் பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். என்னோடு ஒரே கம்ப்யூட்டரைப் பங்கிட்டவர் பவானியில் ஒரு பள்ளிக்கூட லைப்ரரியன், ராஜேந்திரன். நூலகத்துக்கென்றே எம்.லிப். படித்தவர்.

பதினொன்றரை மணிக்கு என் முறை. பிளாப்பி திறந்தது. அதுவே பாதி உயிரைத் திருப்பிக் கொடுத்தது. பயிற்சி தரும் மேடம், எழுதியவர் பெயர் வரிசையில் பட்டியலைப் பிரிண்டரில் விட்டார். அது கரகரவென்று கத்திக்கொண்டு தாளைத் தள்ளியது. மேடம் முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், கடைசித் தாளையும் பார்த்தார்.

"என்னம்மா இது, ஏ-யில ஒருத்தருமில்ல, கே-யில ஒருத்தருமில்ல. நானூத்திப் பன்னண்டும் டி-யிலயே வந்திருக்கு?"

ராஜேந்திரன் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஏனுங்க அம்மணி, எல்லாருக்கும் திரு போட்டுட்டீங்களா? செத்தவங்களுக்குமா?"

"பெரியவங்க பேர மொட்டையா எப்படிங்க எழுதறது?"

எங்கள் அட்டைகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். திரு, திருமதி போடாமல் ஓர் அட்டை கிடையாது. மரப்பெட்டியில் அடுக்கும்போது என் கண் அதைத் தாண்டி அடுத்த எழுத்துக்குப் போய்விடும். பதினோரு வருடத்தில் ஒரு புத்தகம்கூடத் தேடிக் கிடைக்காமல் போனதில்லை. கம்ப்யூட்டருக்கு அந்தக் கண் இல்லை. திருவுக்கு முதலில் வரும் இங்கிலீஷ் டி-யைத்தான் பிடித்துக்கொள்கிறது. காது இரண்டும் சூடாகிவிட்டது எனக்கு.

மேடம் சிரிக்கவில்லை. மரியாதைச் சொல்லுக்கென்று தனிக் கட்டம் இருக்கிறதென்று காட்டினார். அதில் போட்டால் பெயரோடு அச்சாகும், வரிசையைக் கெடுக்காது. ஆனால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். அறையை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

"தள்ளிப்போயி உக்காருங்க, நான் படிக்கறேன், நீங்க அடிங்க" என்றார் ராஜேந்திரன். சிரித்ததற்குப் பிராயச்சித்தம் என்றும் சொன்னார். சாப்பாட்டுக்குப் போகவில்லை, அவர் இரண்டு பன்னும் டீயும் வாங்கி வந்தார், ஏழு ரூபாய். டீயைக் கம்ப்யூட்டருக்கு அருகில் வைக்கக் கூடாதென்று வராந்தாவில் நின்று குடித்துவிட்டு ஓடி வந்தேன். மூன்றே முக்காலுக்கு எண்ணினேன். இருநூற்று ஐம்பத்தொன்பதுதான் ஆகியிருந்தது.

மேடம் சர்ட்டிபிகேட் கட்டோடு வந்தார். "இருக்கட்டும்மா. விஷயம் புரிஞ்சுதில்ல? மிச்சத்த ஊர்ல போயி மாத்திக்கங்க. நான் இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இந்தப் பிளாப்பிய மட்டும் குடுத்துட்டுப் போங்க."

"இந்தப் பிளாப்பிய என்னங்க பண்ணுவீங்க?"

"எல்லா வாசகசாலைப் பட்டியலையும் சேத்து அச்சடிச்சு ஊர் ஊருக்கு அனுப்பறோம்."

பேனாவைத் திறந்துவிட்டார். வாங்கிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை கவலையில்லை. வாங்கிக்கொண்டு போனால், ஊர் ஊராக எவனாவது ஒருவன் புத்தகம் தேடி, டி-யில் வந்து முட்டிக்கொண்டு நிற்பான். அதை நினைத்து நான் வருடம் பூராவும் தூங்க மாட்டேன். இரண்டு பயத்தில் எது பெரியது என்று நின்றேன்.

"திங்கக்கெழமை வந்து முடிச்சுட்டு வாங்கிக்கறேனுங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது.

ராஜேந்திரன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கையில வந்தத வேண்டாங்கறீங்களே அம்மணி!"

பிளாப்பியைப் பையில் வைத்துக்கொண்டு, மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்ச் செயலாளர் வீட்டுக்குப் போன் போட்டேன். சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன. நடந்ததைச் சொன்னேன்.

மீட்டர் மூன்று ரூபாயைத் தாண்டியது.

"கமிட்டில நான் என்னன்னு சொல்றது அம்மணி? வாங்கியாச்சுங்கறதா, இல்லீங்கறதா?"

"ரெண்டும் வேண்டாமுங்க. நூத்தி அம்பத்திமூணு பேரு பாக்கின்னு சொல்லுங்க."