முன்னால் தெரியாத விமானம்

சிதம்பரத்துக்குக் கல்யாணத்துக்குப் போனவன், பந்திக்குப் போகாமல் பழைய புத்தகக் கடையில் நின்றுவிட்டேன். என் புத்தி அப்படி. அங்கே கிடைத்த விமானப் புத்தகத்தில் ஒரு பக்கம் என்னை விடவே இல்லை. முதல் உலகப் போர்க் காலத்துப் பிரெஞ்சுப் போர் விமானம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள். சோதனைக்கு ஒன்றே ஒன்று செய்தார்களாம். அதோடு சரி, உற்பத்திக்குப் போகவில்லை. ஏன் என்று மட்டும் எழுதவில்லை.

சிப்காட்டில் வெல்டர் நான். செய்த சாமானை ஒருவர் வேண்டாம் என்றால், காரணம் தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. என்ஜின் சூடானதா, இறக்கை ஆடியதா? ஒரு வாரம் செல்போனைக் குடைந்தேன். பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு கடலூரில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி தெருத்தெருவாக மீன் விற்பவர். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனித் தலையில் கூடை கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்காகவே முன்பக்கம் பெரிய ஐஸ் பெட்டி வைத்து ஒரு தள்ளுவண்டி செய்து கொடுத்திருந்தேன். அது சந்தில் தார்ப்பாய்க்குள் தூங்கியது. அண்ணி இன்னமும் கூடைதான் தூக்கினார். கேட்டால், "பழகிப்போச்சு தம்பி" என்பார். எனக்கு உள்ளுக்குள் கோபம்.

படத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இதுல உக்கார்றவனுக்கு முன்னாடி எப்பிடித் தெரியும்? ரெக்கை மறைக்குதே."

நிஜமான காரணம் அதுதானா, தெரியாது. ஆனால் ஒரு வாரமாக என் கண் அங்கே போகவே இல்லை.

"ஒங்களுக்கு மட்டும் எப்பிடி அண்ணி ஒடனே தோணுச்சு?"

அவர் சந்துப் பக்கம் பார்த்தார். எனக்கு என்னவோ உறைத்தது. தார்ப்பாயை எடுத்துவிட்டு வண்டியைத் தள்ளச் சொன்னேன். பெட்டிக்கு மேலே அவர் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. பட்டறையில் அதைத் தள்ளிப் பார்த்துப் பிரமாதம் என்றது, ஆறடி ஆளான நான்.

"சொல்லியிருக்கலாமே அண்ணி!"

"ஆசையா செஞ்சு குடுத்த. எப்பிடிச் சொல்றது?" என்று கழுத்தைத் தடவிக்கொண்டார்.

வெட்கமாகப் போயிற்று. சட்டைப்பையிலிருந்த சாக்பீஸைக் கொடுத்து, பெட்டி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று அவரையே கோடு போடச் சொன்னேன். மெல்ல ஒரு கோடு இழுத்தவர், என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழ போட்டா கோவிச்சுக்குவியா தம்பி?"