முயலுக்கு விரித்த வெள்ளைத்துணி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு, பின்லாந்தில் குவோபியோ நகருக்கு வடக்கே ஏரிக்கரை வீட்டில் வந்து தங்கியவள் ஹில்க்கா. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கியும் பனி விழவில்லை. நிலம் ஈரக் கறுப்பாகக் கிடந்தது. நடுப்பகலிலும் வெளிச்சம் தண்ணீர் கலந்த பால்தான்.

அந்த மங்கலில், ஆப்பிள் மரத்தடியில் ஒரு வெள்ளை முயலைப் பார்த்தாள். யார் கண்ணிலும் படமாட்டோம் என்று நம்பி, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பக்கத்து வீட்டுத் தாவெட்டி, லாரி ஓட்டி ஓய்ந்தவர், வேலியோரம் வந்தார்.

"யார் வீட்டு வளர்ப்பு முயலோ தப்பிச்சு வந்திருச்சு."

"காது நுனியப் பாருங்க, மையில தொட்டு எடுத்தாப்ல. வளர்ப்பு முயலுக்கு ஏது அது?"

"அப்ப வயல் முயல். அதுக்கும் நுனி கறுப்புதானே?"

"அது இப்படி வெளுக்காது. வால் மேலயும் கறுப்பு இருக்கும். இதுக்கு வால் முழுக்க வெள்ளை, காதும் குட்டை. காட்டு முயலேதான். குளிர்காலம் வந்தா பனிக்குள்ள ஒளிய வெளுத்துரும்; இந்த வருஷம் பனிதான் வரல."

"எதுவா இருந்தா என்னம்மா? வல்லூறுக்கு எல்லாம் ஒரே ருசிதான்."

அது அவளை உறுத்தியது. உள்ளே போய்ப் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்புகளை அள்ளி வந்தாள். அவளைக் கண்டதும் முயல் புதருக்குள் பாய்ந்தது. மரத்தடியில் விரித்து, ஓரங்களில் விறகை வைத்தாள்.

"துணி காயப்போட உனக்குக் கொடி இல்லியா?"

"பனி வர்ற வரைக்கும் இதுதான் பனி."

அவர் சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் மதியம் முயல் வந்தது. துணியை முகர்ந்தது. அகன்ற பாதம் ஒன்றை வைத்துப் பார்த்தது. பிறகு நடுவில் போய்ச் சுருண்டது. இரண்டு கறுப்புப் புள்ளிகள் மட்டும் மிஞ்சின. மேலே வல்லூறு ஒன்று வட்டம் போட்டுவிட்டு ஏரிப்பக்கம் போய்விட்டது. ஹில்க்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ விரிப்புகளைத் துவைத்திருக்கிறாள்; அவற்றில் ஒரு உயிர் தூங்குவதை இன்றுதான் பார்க்கிறாள்.

சாயங்காலம் தாவெட்டி கக்கத்தில் ஒரு வெள்ளை மேஜைத்துணியோடு வந்தார்.

"ஒத்தையில சாப்பிடறவனுக்கு இது எதுக்கு? இதையும் விரி."

சில நாளில் நிஜப் பனி இறங்கி எல்லாவற்றையும் மூடியது. முயலும் அதற்குள் கரைந்துபோனது. அதன் பிறகு தாவெட்டி தினமும் காபிக்கு வந்து அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்ணில் படும் பனிமேட்டையெல்லாம் காட்டி, "அதோ, அதான்" என்பார்.

"இருக்கும்" என்று சொல்லி அவள் கோப்பையை நிரப்புவாள்.