கூடிக்கொண்டே போன எண்ணெய்

அந்தக் கார் எங்கள் கைக்கு வந்த காலத்தில் கண்டியில் டீசலில் ஓடும் கார் வேறொன்று இருந்ததாக எனக்குத் தெரியாது. டீசல் லொறிகள் ஒன்றிரண்டு வரத் தொடங்கியிருந்தன. கார் என்றால் பெற்றோல்தான். மடுல்கெல்லப் பக்கத் தோட்டமொன்றின் வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் அதை விற்றார். நானும் என் மனைவியின் சகோதரனும் சேர்ந்து வாங்கினோம். மச்சானுக்குக் கட்டுகஸ்தோட்டை ரோட்டில் தகரக் கூரை போட்ட சின்னக் கராஜ் ஒன்று இருந்தது. நான் வாடகைக்குக் கார் ஓட்டுபவன், எங்கள் பேச்சில் ஹயர். பேராதனை, கலஹா, தெல்தோட்டை என்று மலை ஏறி இறங்குவதற்கு டீசல்தான் தோது என்று மச்சான் சொன்னான். நானும் நம்பினேன்.

காரை ஒப்படைத்த அன்று துரையின் டிரைவர் என்னைத் தனியாக அழைத்தார். வயதான தோட்டத்துத் தமிழர்.

"எஞ்சின நிப்பாட்டுனதும் எறங்கிப் போயிராதீங்க. கொஞ்ச நேரம் பக்கத்துலயே நில்லுங்க."

"ஏன்?"

அவர் பங்களாவைத் திரும்பிப் பார்த்தார். "சும்மாதான் சொல்றேன்" என்றார்.

சில வாரங்களில் கார் நின்ற இடத்திலெல்லாம் டீசல் கறை விழ ஆரம்பித்தது. எஞ்சினின் பக்கவாட்டில்தான் பம்ப் இருந்தது. டீசலை அளந்து, பலமாகத் தள்ளி, மெல்லிய இரும்புக் குழாய்கள் வழியாக எஞ்சினுக்கு அனுப்புவது அதன் வேலை. அந்தக் குழாய்களில் ஒன்றின் அடியில் ஈரம் வியர்வை போல அரும்பி வழிந்தது. நட்டை இறுக்கிப் பார்த்தோம். நிற்கவில்லை. அப்படி ஒரு பம்பை இரண்டு பேருமே அதற்கு முன் தொட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை.

மச்சான் பம்பைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றி, தூசி ஒன்றுகூட இல்லாமல் துடைத்தான். பிறகுதான் குழாயைக் கழற்றினான். அடியிலிருந்த செம்பு வாஷர் நசுங்கி இறுகிப்போயிருந்தது. புது வாஷருக்குக் கொழும்புக்கு எழுதினால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அவன் அதை உலையில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டான். செம்பு இளகியது. தட்டையாகத் தேய்த்து மறுபடி பூட்டினான். குழாய்க்குள் காற்று நின்றால் எஞ்சின் பிடிக்காது. அதனால் நட்டை இளக்கிவிட்டு, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை நான் பம்பின் கைப்பிடியை அடித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டார்ட் ஆனது. அடியில் விரித்த கடதாசியில் ஒரு சொட்டும் விழவில்லை.

"பாத்தியா மச்சான், காஞ்சி ஈக்குது!" என்று சிரித்தான்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் டீசல் மணம் மட்டும் போகவில்லை. என் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்த மனைவி, "ஒழுக்கு நின்ட எண்டீங்க. அப்ப இந்த மணம் எங்கேந்து வருது?" என்று கேட்டாள். பழைய மணமாக இருக்கும் என்றேன்.

அடுத்த வாரம் எஞ்சின் எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்தபோது, எண்ணெய் மேல்கோட்டுக்கு மேலே நின்றது.

"எண்ணெ ஊத்தினியா மச்சான்?" என்று கேட்டேன்.

"நான் கை வெக்கல்ல. நீ ஊத்தல்லயா?"

"இல்லியே."

ஓடுகிற எஞ்சினில் எண்ணெய் குறையும். கூடி நான் பார்த்ததில்லை. விரலில் தொட்டால் வழுவழுப்பே இல்லை, தண்ணீர் மாதிரி இருந்தது. மச்சான் முகர்ந்து பார்த்துவிட்டு, சொல்ல மனமில்லாதவன் போல, "டீசல்" என்றான். வெளியே வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது. உள்ளே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினோம். அது மறுபடியும் ஏறத் தொடங்கியது. பம்பையே கழற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அதற்கு முன் தெல்தோட்டைக்குப் பேசியிருந்த ஹயர் ஒன்று மிச்சம் இருந்தது. ஏற்றத்தில் சத்தம் எப்படி என்று கேட்க வேண்டும் என்று மச்சானும் கூட வந்தான். போகும்போது ஒரு குறையும் இல்லை. அந்த ஒழுங்கான சத்தமே எனக்குப் பிடிக்கவில்லை.

தெல்தோட்டையில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து ஒருவர் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து காரை மறித்தார். முஸ்லிம்களான எங்களை அந்தப் பக்கத்தில் 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நானா, பொம்பளைக்கு நேத்திலேருந்து வலிங்க. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. ஏத்திக்கிட்டுப் போங்க நானா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மச்சான் என்னைப் பார்த்தான். கார் சரியில்லை என்று அவரிடம் சொன்னேன். "எங்களுக்கு வேற வழியில்லீங்க" என்றார். அந்தப் பெண்ணை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து பின் ஸீட்டில் படுக்க வைத்தார்கள். மறித்தவர் கம்பளியோடு அவள் தலைமாட்டில் ஏறிக்கொண்டார். மிகவும் இளம் பெண். சத்தம் போடவில்லை. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள்.

கலஹாவைத் தாண்டி இறங்கும்போது பனி ரோட்டை மூடியது. ஒரு வளைவுக்கு முன்னால் காலை எடுத்தேன். எஞ்சின் தணியவில்லை. என் கால் அக்சிலேட்டரில் இல்லை, ஆனால் யாரோ மிதிப்பதுபோல அதன் சத்தம் ஏறியது. நிறுத்தும் பிடியை இழுத்தேன். டீசல் நின்றிருக்க வேண்டும். எஞ்சின் நிற்கவில்லை. பின்னால் வெள்ளைப் புகை எழுந்து பனியோடு கலந்தது.

"நிப்பாட்டு!" என்று மச்சான் கத்தினான்.

"இழுத்துட்டன்! நிக்குதில்ல!"

கிளட்சை மிதித்தால் எஞ்சின் அலறியது. விட்டால் கார் பாய்ந்தது. ஒரு பக்கம் மண்மேடு, மறு பக்கம் பள்ளம். பிரேக்கில் முழுப் பாரத்தையும் போட்டு, காரை மேட்டுப் பக்கம் திருப்பி, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சக்கரத்தை இறக்கினேன். கார் முட்டி நின்றது. கியரைக் கழற்றினேன். எஞ்சின் தன்பாட்டில் ஓடியது. அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. பொனட் அதிர்ந்து மேலே எழும்பி எழும்பி விழுந்தது. டீசல் கலந்த தன் எண்ணெயையே உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கிறது என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை. வெடித்துவிடும் என்பது மட்டும் புரிந்தது.

"எறக்குங்க! அவங்கள எறக்குங்க!"

புருஷன் அவளைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்த தேயிலைச் செடிகளுக்குள் ஏறினார். மச்சான் பொனட்டைத் திறந்தான். சூடு முகத்தில் அடித்தது. எஞ்சின் காற்றை இழுக்கும் வாயைக் கையால் காட்டினான். நான் சட்டையைக் கழற்றப் போனேன். அதற்குள் மேலேயிருந்து அவர் எறிந்த ஈரக் கம்பளி எங்கள்மேல் வந்து விழுந்தது. இருவருமாக அதைச் சுருட்டி அந்த வாயில் அழுத்தினோம். அது கம்பளியை உள்ளே இழுத்தது. நாங்கள் விடவில்லை. எஞ்சின் இரண்டு முறை குலுங்கி நின்றது.

அதன்பிறகு மழைத்துளி சூட்டில் விழுந்து பொரியும் சத்தம்தான். மச்சானின் உள்ளங்கைகள் வெந்திருந்தன.

பேராதனை ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிவந்த லொறி எங்களைப் பார்த்து நின்றது. சிங்கள டிரைவர் ஒன்றும் கேட்காமல் பெட்டிகளைத் தள்ளி இடம் செய்தார். ஆனால் அந்தப் பெண் ஏற மறுத்தாள். அவ்வளவு நேரம் ஒரு வார்த்தையும் பேசாதவள், "வேணாம், அதுவும் நிக்காது" என்று புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். லொறிக்காரர் எஞ்சினை நிறுத்திக் காட்டினார். மறுபடி ஸ்டார்ட் செய்து, மறுபடி நிறுத்தினார். பிறகுதான் ஏறினாள். மச்சானைக் காரோடு விட்டுவிட்டு நானும் கூடப் போனேன். வழியெல்லாம் அவள் கண்கள் லொறியின் முன்பக்கத்தை விட்டு நகரவில்லை. பொழுது சாயுமுன் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிருக்கும் ஆபத்தில்லை என்று நர்ஸ் வந்து சொன்னதும் வெளியே படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

காரைக் கயிறு கட்டிக் கண்டிக்கு இழுத்துவந்தோம். மச்சானின் கை ஆறிய பிறகு பம்பைக் கழற்றினோம். உள்ளே டீசலைத் தள்ளும் தண்டு ஒன்று தேய்ந்துபோயிருந்தது. அப்படிக் கசிவது வெளியே சொட்டிப் போவதற்காகப் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அந்தத் துளையில் மரக் குச்சி ஒன்றைச் செருகி, மேலே கறுப்புப் பெயின்ற் பூசியிருந்தார்கள். போக வழியில்லாத டீசல் எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கியிருக்கிறது. யார் செருகியது, எதற்கு என்று தெரியவில்லை. பங்களா வாசலில் கறை விழக் கூடாது என்று யாராவது செய்திருக்கலாம். விசாரிக்க மடுல்கெல்லவுக்குப் போனேன். அந்த வயதான டிரைவர் லயத்தைக் காலி செய்துவிட்டு இந்தியாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

மச்சான் அந்த எஞ்சினை மறுபடி பூட்டவில்லை. பழைய பெற்றோல் எஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டினான்.

எஞ்சின் மாற்றி ஒரு மாதமளவில் அந்தப் பெண்ணின் புருஷன் கராஜுக்கு வந்தார். தாயும் பிள்ளையும் சுகமா என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்க நானா. ஆனா ஆஸ்பத்திரியிலேருந்து பஸ்ஸுல ஏற மாட்டேன்னுட்டா. புள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்தேதான் வந்தோம். கலஹாவுல சொந்தக்காரங்க வீட்டுல தங்கிட்டு, பொறகு மெதுவா ஏறுனோம்."

"அவ்வளவு தூரமுமா?"

"ஆமாங்க. வண்டி எதுனாச்சும் வந்தா ரோட்ட விட்டு எறங்கி, அது போற வரைக்கும் புள்ள காதைப் பொத்திக்கிட்டு நிப்பா."

மச்சான் அவருக்குத் தேத்தண்ணீர் வாங்கி வர எழுந்து போனான். நான் தெல்தோட்டைக்குப் புறப்படும் நேரம் அது. கூட வாங்க, இறக்கிவிடுகிறேன் என்றேன். அவர் காரைச் சுற்றிவந்து ஒருமுறை பார்த்தார். "இல்லீங்க, நான் பஸ்ஸுலயே போயிடறேன்" என்றார்.