தனம் அக்காவின் தலையில் மூன்று வீக்கம்

வண்டலூரில் தனம் அக்காவின் தலையில் கட்டி வந்திருக்கிறதாம். அதே தெருவில் இன்னொருவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். அக்காவின் பக்கத்து வீட்டு சத்யபிரியா சொன்னதை என் மனைவி ரேஷ்மா வந்து சொன்னாள். சிங்கப்பூரில் என் காபி ஆறிப்போனது. அந்த இன்னொருவருக்குப் பிறகு என்ன ஆனது என்று இவள் கேட்கவில்லையாம்.

அக்கா சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் துப்புரவு மேற்பார்வை பார்க்கிறாள். நாலு மாடி, பதினாறு பெண்கள். பன்னிரண்டு வருடமாக ஸ்கூட்டியில் கேளம்பாக்கம் சாலை வழியாகப் போய் வருகிறாள். தனக்குக் காய்ச்சலென்று ஒருநாளும் லீவு போட்டதில்லை.

வீடியோவில் கூப்பிட்டேன்.

“பின்னாண்ட கீதுடா. தெரியுதா?”

சீலிங் ஃபேன் தெரிந்தது.

“மூணு. கொட்டைப்பாக்கு சைஸு. கை வச்சா உசிரு போவுது.”

“எங்கயாவது இடிச்சுக்கினியாக்கா?”

“பேன்ட்ரி கப்போர்டுல தெனமும்தான் இடிச்சுக்கிறேன். எத எண்றது?”

பின்னாலிருந்து அக்காவின் கணவர் சேட்டு மாமாவின் குரல் வந்தது: “சூட்டுக் கட்டி மச்சான். வெந்தயம் அரைச்சுப் போட்டா போயிடும். மூளைதான் வெளிய வருதோன்னு பயந்தேன். உள்ள இருந்தாத்தானே!”

ஆங்கிலத்தில் தேடினேன். முடிவேரில் சீழ், தோலடிக் கட்டி, நெறி கட்டுதல், அடிபட்ட வீக்கம். கடைசி வரியில், அபூர்வமாக, புற்று. வலித்தால் பெரும்பாலும் பயமில்லை என்றது ஒரு பக்கம். வலித்தால் தள்ளிப்போடாதே என்றது அடுத்தது. தமிழில் தேடினால் வெந்தயம்தான் வந்தது. எல்லாவற்றையும் அக்காவுக்கு அனுப்பியது என் தப்பு. மறுநாள் அவளே கூப்பிட்டாள்.

“இன்னாடா அனுப்பிக் கீற? அந்தக் கடைசி வரியவே உங்க மாமா மூணு வாட்டி படிச்சாரு. அதுலருந்து சோறே துன்னல.”

“தலைக்குப் புதுசா எதாவது போட்டியா?”

“ஒண்ணுமில்ல. வெள்ளிக்கெழமை தலைக்கு ஊத்திக்கினு, ஈரத்தோட கொண்ட போட்டு ஹெல்மெட்ட மாட்டுவேன். காய வச்சுக்கினு இருந்தா ஷிப்ட்டு போயிடுமே.”

ஈரக் கொண்டை, அதன்மேல் ஹெல்மெட், முக்கால் மணி நேர வெயில். இதுதானோ? ஆனால் பன்னிரண்டு வருடமாக வராதது இப்போது மட்டும் ஏன் வருகிறது?

“வெள்ளிக்கெழமை பத்து மணிக்கு டாக்டராண்ட போறேன். லீவு கேட்டுக் கீறேன். போதுமா?” என்றாள்.

இன்று வெள்ளி. அங்கே பதினொன்றரை. டாக்டர் எதிரே உட்கார்ந்திருக்கலாம். லீவு கிடைக்காமல் ஈரத்தலையோடு வண்டியில் போய்க்கொண்டும் இருக்கலாம். ஹெல்மெட்டுக்குள் போன் சத்தம் கேட்காது. மாமாவும் எடுக்கவில்லை. அக்காவை நாலாவது தடவையாக அழைக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.